அழுக்கில்லாத வலது பக்கம்

"கூரையைத் தொடாதீங்க சார்!"

இன்ஸ்பெக்டரம்மா சொல்லி முடிப்பதற்குள் காண்ட்ராக்டர் அந்தக் காரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிவிட்டார். உள்ளங்கைக்குள் அடங்குகிற கார். கூரையிலிருந்த புழுதி கொஞ்சம் அவர் கட்டைவிரலோடு வந்துவிட்டது.

"பொம்மைதானே மேடம்?"

"பொம்மைதான். அந்தப் பொம்மைக்குப் பயந்துதானே எங்களைக் கூப்பிட்டீங்க?"

பின்னால் நின்ற ரேடியோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டரம்மா காக்கியைக் கழற்றிப் பல காலம் ஆகிவிட்டது. மேலிடத்துக்கு வேண்டிய ஒருவனை லாக்கப்பில் உட்கார வைத்ததற்காக அவரைத் தண்ணியில்லாத ஊருக்குத் தூக்கியடித்தார்கள். அவர் அங்கே போகவில்லை, வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்துவிட்டார். வேலை போனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். உதவிக்குக் கணவரின் தம்பி. அவனுக்குக் கார் ஓட்டத் தெரியும், பூட்டு திறக்கத் தெரியும், வாயை மூட மட்டும் தெரியாது. அதனால்தான் ரேடியோ.

ஹாலின் கண்ணாடி மேசையில் மூன்று பொம்மைக் கார்கள் இருந்தன. மூன்றுமே ஒரே கார்தான். வெளியே காம்பவுண்டுக்குள் நிற்கிற காண்ட்ராக்டரின் சிலேட்டு நிற ஜீப்பை அப்படியே சுருக்கி வைத்த மாதிரி இருந்தது. நம்பர் பிளேட்டில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. முதல் கார் ஷோரூமை விட்டு இறங்கிய மினுமினுப்பில் இருந்தது. இரண்டாவது, தூறலில் புழுதி ரோட்டில் ஓடி வந்தது போல, சக்கரத்துக்கு மேலே சேறு தெறித்து, கூரையில் தண்ணீர் வழிந்த தடங்களோடு. மூன்றாவதில் இடது பக்க முகப்பு நொறுங்கி, ஹெட்லைட் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

ரேடியோ இரண்டாவது காரின்மேல் குனிந்தான். "காக்கா எச்சத்தைக்கூட விடல அண்ணி. காக்காவை வரவழைச்சு உக்கார வச்சிருப்பானோ?"

"இதெல்லாம் எப்படி வந்துச்சு சார்?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"செருப்பு டப்பாவுல. காலையில கதவைத் திறந்தா வாசப்படியில இருக்கும்."

"கேட்டுல கேமரா பார்த்தேனே?"

"அதையும் பார்த்துட்டோம். ஒரு பூனையைத் தவிர யாரும் உள்ள வரல."

"பூனையை விசாரிச்சீங்களா சார்?" என்றான் ரேடியோ.

காண்ட்ராக்டர் அவனை முறைத்தார். அந்த நேரம் அவர் மனைவி டீத் தட்டோடு வந்தாள். மேசையில் தட்டு வைக்க இடமில்லை. ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு, மறுகையின் இரண்டு விரலைச் சேற்றுக் காரின் வயிற்றுக்கடியில் கொடுத்து, மேலே எங்கும் படாமல் தூக்கி நகர்த்தி வைத்தாள். டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டரம்மா அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார். "முதல் பொம்மை வந்தப்ப என்ன நினைச்சீங்க?"

"நமக்கு வேண்டப்பட்டவங்க யாரோ ஆசையா அனுப்பியிருக்காங்கன்னு நினைச்சேன். ஆபீஸ்லகூட எல்லாருக்கும் காட்டினேன்."

"ரெண்டாவது?"

காண்ட்ராக்டர் டீயை ஒரு வாய் குடித்தார். "எனக்கு... பிடிக்கல. தூக்கம் போச்சு. எவனோ நம்மளை நோட்டம் விடறான்னு தோணிச்சு."

"மூணாவது?"

"அது பரவாயில்ல மேடம். அதைப் பார்த்ததும் இது எவனோ வேலையத்தவன் விளையாட்டுன்னு புரிஞ்சுபோச்சு. விட்டுத்தள்ளலாம்னுதான் சொன்னேன். இவதான் உங்களைக் கூப்பிட்டே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னா." டம்ளரை ஓசையோடு வைத்தார். "சரி, வந்தது வந்துட்டீங்க. ஆளைக் கண்டுபிடிச்சுக் காட்டுங்க, போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

சொல்லும்போது அவர் வலது கை தானாக மூடிக்கொண்டது. அந்தக் கைக்குள் கழுத்து கிடைத்தால் என்ன ஆகும் என்று ரேடியோ யோசித்தான். யோசனை ருசிக்கவில்லை.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பினான். மடியில் இரண்டாவது காரும் மூன்றாவது காரும் இருந்த டப்பாவை வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரம்மா பேசாமல் வந்தார்.

"என்ன அண்ணி, ஸ்டேஷன் கிடைக்கலையா?"

"சேறு பட்ட காரைப் பார்த்து ஒருத்தருக்குத் தூக்கம் போகுது. நொறுங்கின காரைப் பார்த்தா தூக்கம் வருது. ஏன்டா தம்பி?"

"பாலம் கட்டறவர் இல்லையா? உடைஞ்சா திரும்ப கட்டலாம்னு தைரியமா இருக்கும்."

"வண்டியைப் பார்த்து ஓட்டு," என்றார் அண்ணி.

*

இப்படிப்பட்ட பொம்மைகளுக்கான சாமான் விற்கிற கடை அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி. படியேறும்போதே பெயிண்ட் தின்னர் நெடி மூக்கில் ஏறியது. கூரையிலிருந்து நூலில் கட்டிய விமானங்கள் தொங்கின. ரேடியோ தலையைக் குனிந்தும் ஒரு குண்டு வீச்சு விமானம் அவன் நெற்றியில் மோதிவிட்டுத்தான் போனது.

"விமான விபத்து, உயிர்ச்சேதம் இல்லை," என்று அறிவித்தான்.

நெற்றியில் பூதக்கண்ணாடி கட்டியிருந்த கடைக்காரர் சிரித்தபடி எழுந்து வந்தார். இன்ஸ்பெக்டரம்மா டப்பாவைத் திறந்து சேற்றுக் காரை எடுத்து அவர்முன் வைத்தார். கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக் குனிந்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இது... உங்களுக்கு எங்க கிடைச்சுது?"

"யார் செஞ்சதுன்னு நீங்க சொல்லுங்க."

"சொன்னா சிரிப்பீங்க மேடம். இதைச் செஞ்சவன் செத்துப்போயிட்டான்."

"செத்தவங்க பார்சல் அனுப்பற சர்வீஸ் எப்பலேர்ந்து?" என்றான் ரேடியோ. யாரும் சிரிக்கவில்லை.

கடைக்காரர் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு விமானத்தை எடுத்து வந்தார். "இதைப் பாருங்க. இதுவும் அவன் செஞ்சதுதான். எல்லாரும் என்ன பண்ணுவாங்கன்னா, பெயிண்ட் அடிச்சு முடிச்சதும் பழசாக் காட்டணும்னு மேல கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் துரு, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி அப்பிடுவாங்க. இவன் அப்படிப் பண்ண மாட்டான். எஞ்சின் புகை பாருங்க, காத்து எப்படி இழுக்குமோ அப்படியே பின்னாடி போயிருக்கு. இறக்கையில இந்த ஒரு இடத்துல மட்டும் பெயிண்ட் தேய்ஞ்சிருக்கு. ஏன் தெரியுமா? பைலட் ஏறும்போது கால் வைக்கற இடம். 'எந்த அழுக்கும் எங்கிருந்து வந்தோம்னு சொல்லணும்'பான்."

"அந்தக் கார்ல இருக்கற அழுக்கு எங்கிருந்து வந்ததுன்னு சொல்லுதா?"

"தெளிவா சொல்லுது. இந்தச் சேறு லேசான ரோஸ் கலர்ல இருக்கு பாருங்க. எந்த டப்பாவுலயும் இந்தக் கலர் வராது. இது நிஜப் புழுதி. செம்மண்ணும் சுண்ணாம்பும் கலந்தது. சுண்ணாம்புக் காளவாசல் ரோட்டுல மட்டும்தான் இது கிடைக்கும். அவனே போய் அள்ளிட்டு வந்து, துணியில சலிச்சு, சின்னச் சின்னப் பாட்டில்ல போட்டு வச்சுப்பான். அதனாலயே நாங்க அவனைத் தூசின்னுதான் கூப்பிடுவோம்." கடைக்காரர் விமானத்தைத் திரும்ப வைத்தார். "போன மழைக்காலத்துல ஒரு விடிகாலை. அந்த ரோட்டுல துருப்பிடிச்சு நிக்கற பழைய லாரியை எல்லாம் போட்டோ எடுக்கப் போனான். ஏதோ வண்டி அடிச்சுப் போட்டுட்டுப் போயிடுச்சு. எந்த வண்டின்னு இன்னிவரைக்கும் தெரியல. நல்ல பையன் மேடம். பூச்சியை மிதிக்கக்கூட யோசிப்பான்."

இன்ஸ்பெக்டரம்மா சேற்றுக் காரை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"அப்போ இது அவர் கைதானா?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

கடைக்காரர் மறுபடியும் குனிந்தார். இந்த முறை நிறைய நேரம் பார்த்தார். "இல்ல. பாணி அவனோடது. பிரஷ், புழுதி எல்லாம் அவனோடது. கை வேற. அவன் தட்டித் தட்டி வைப்பான், பஞ்சு வைக்கற மாதிரி. இது குத்திக் குத்தி வச்சிருக்கு. ஆத்திரத்துல செஞ்ச கை."

"அவரோட சாமானெல்லாம் யார்கிட்ட இருக்கு?"

"அவங்க அக்காதான் வந்து ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போனாங்க. பாலம் கட்டற காண்ட்ராக்டர் இருக்காரே, அவர் வீட்டம்மா."

ரேடியோவின் வாய் திறந்தது. பேச்சுதான் வரவில்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் ஒலிபரப்பு தொடங்கியது.

"அண்ணி! சொந்த மச்சினன், இதே பொம்மை செய்யறவன், செத்துப்போயிருக்கான். அந்த ஆளு பொம்மையைப் பத்தி அவ்வளவு பேசினாரு, அவனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லாததுதான் அவர் இன்னிக்குச் சொன்னதுலயே முக்கியமானது."

"சரி, பொம்மை அனுப்பறது அந்தம்மாதான். ஆளைக் கண்டுபிடிச்சாச்சு. போய்ச் சொல்லிட்டு..."

"சொல்லிட்டு? 'மத்ததை நான் பாத்துக்கறேன்'னாரே. அவர் எதைப் பாத்துப்பார்னு நினைக்கறே?"

ரேடியோவுக்கு அந்த மூடிய கை ஞாபகம் வந்தது.

இன்ஸ்பெக்டரம்மா சேற்றுக் காரை வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பினார். "நீ காக்கா எச்சத்தைத்தான் பார்த்தே. இதைப் பார்த்தியா? கூரையில எவ்வளவு வேலை! இடது பக்கம் சேறு ஒவ்வொரு சொட்டா தெறிச்சிருக்கு. வலது பக்கம்?"

வலது பக்கம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வெறும் சிலேட்டு நிறம்.

"சோம்பேறித்தனமா அண்ணி?"

"இவ்வளவு மெனக்கெட்டவங்களுக்குச் சோம்பல் வராது. பார்க்காததைப் பூசல. மேலேர்ந்து, இடது பக்கமா நின்னு பார்த்திருக்காங்க. மூணாவது கார்லயும் அப்படித்தான். வா, ஜன்னலைத் தேடுவோம்."

*

காண்ட்ராக்டர் ஆபீஸ் காரில் சைட்டுக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார் என்றாள் மனைவி.

"தெரியும். உங்க மாடியைப் பார்க்கலாமா?"

"தையல் ரூம்தான் இருக்கு மேடம்."

"அந்த ஜன்னல்தான் வேணும்."

அவள் மறுபேச்சு பேசாமல் முன்னால் நடந்தாள். தையல் அறையின் ஜன்னலுக்குக் கீழே சிலேட்டு நிற ஜீப் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து நின்றிருந்தது. இன்ஸ்பெக்டரம்மா பொம்மைக் காரை எடுத்து, கீழே இருப்பது போலவே ஜன்னல் விளிம்பில் வைத்தார். கூரையும் இடது பக்கமும் கண்ணில் பட்டன. வலது பக்கம் மறைந்துவிட்டது.

"இன்னொண்ணு," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "உங்க வீட்டுக்காரர் இதைத் தலையில பிடிச்சுத் தூக்கினார். நீங்க வயித்துல பிடிச்சுத் தூக்கினீங்க. ஈரப் பெயிண்ட்டோட பழகினவங்க கை அது."

அந்தப் பெண் கதவைச் சாத்தினாள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் போர்த்தியிருந்த துணியை இழுத்தாள். சின்னக் கம்ப்ரெஸர், பெயிண்ட் தெளிக்கிற ஏர்பிரஷ், எலிவால் தடிமனில் பிரஷ்கள், வரிசை வரிசையாகப் புழுதிப் பாட்டில்கள்.

"எப்பக் கண்டுபிடிப்பீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்," என்றாள். குரலில் பயமே இல்லை.

"அன்னிக்கு என்ன பார்த்தீங்க?"

"விடிஞ்சும் விடியாம கார் சத்தம் கேட்டுச்சு. இந்த ஜன்னல்லதான் வந்து நின்னேன். எப்பவும் நடுவுல நிறுத்தறவர் அன்னிக்கு வலது பக்கத்தைச் சுவரோட சுவரா உரசற மாதிரி நிறுத்தினார். தன் பக்கக் கதவைத் திறக்க முடியாம சீட்டு மேல தவழ்ந்து இந்தப் பக்கம் இறங்கினார். சக்கரத்துல எல்லாம் ரோஸ் சேறு. எங்கேயோ சைட்டுன்னார். அப்புறம்தான் தம்பி போயிட்டான்னு சேதி வந்துச்சு. லாரிக்காரன் எவனோன்னாங்க. இவர்தான் முன்ன நின்னு எல்லா காரியமும் செஞ்சார். நான் அழுதேன் மேடம். இவர் தோள்ல சாஞ்சுக்கிட்டு அழுதேன்." அந்த இடத்தில் மட்டும் அவள் உதடு கோணியது. "கார் ஏதோ என்ஜின் கோளாறுன்னு வெளியூர் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டுப் புதுசாட்டம் வந்துச்சு. அப்பவும் எனக்குப் புத்தி வேலை செய்யல."

"எப்பத்தான் வேலை செஞ்சுது?"

"தம்பியோட பாட்டிலையெல்லாம் துடைச்சு அடுக்கினேன். ஒரு பாட்டில்ல அதே ரோஸ். 'காளவாசல் ரோடு'ன்னு அவன் எழுதி ஒட்டியிருந்தான்."

"நேராவே கேட்டிருக்கலாமேங்க?" என்றான் ரேடியோ.

"கேட்டா? சேறுக்கு ஆயிரம் காரணம் சொல்வார். அதான் தம்பியோட பிரஷ்ஷைக் கையில எடுத்தேன். எத்தனை காரைக் கெடுத்தேன்னு கணக்கே இல்ல. முதல்ல புதுக் கார் வச்சேன், சந்தோஷப்பட்டார். சேறு பூசி வச்சேன், அன்னிக்குப் பூரா சோறு இறங்கல. ஆனாலும் மனசுல ஒரு மூலையில, இவரா இருக்கக் கூடாதுன்னு ஒரு ஆசை. இடது பக்கம் நல்லா இருந்ததைக் கண்ணால பார்த்தவ நான். வேணும்னேதான் இடது பக்கத்தை உடைச்சு வச்சேன். ஒண்ணும் தெரியாதவர்னா உடைஞ்ச காரைப் பார்த்துதானே அதிகமா பயப்படணும்? இவர் சிரிச்சார் மேடம். அனுப்பறவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சிரிச்சார். அன்னிக்குப் படுத்ததும் குறட்டை."

"அப்புறம் ஏன் எங்களைத் தேர்ந்தெடுத்தீங்க?"

"ஃபீஸ் குடுத்தவரையே பிடிச்சுக் குடுத்துடுவீங்கன்னு வெளியில பேசிக்கிட்டாங்க."

"அதனாலதாங்க எங்களுக்கு எந்தக் கிளையன்ட்டும் ரெண்டாந்தடவை வர்றதில்ல," என்றான் ரேடியோ.

இன்ஸ்பெக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வேணும் உங்களுக்கு?"

"மூணு வேளையும் என் கையாலதான் சாப்பிடறார். ஏதாவது கலந்து குடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனா செத்துட்டா அவருக்கு முடிஞ்சுபோச்சு. எனக்கு அது பத்தாது. வலது பக்கம் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். அவர் வாயால அது வரணும். ஊர் கேக்கணும். அதுக்கப்புறம் அவர் நிறைய நாள் உயிரோட இருக்கணும்."

இவ்வளவு அமைதியான குரலில் இவ்வளவு கொதிப்பை ரேடியோ அதுவரை கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டரம்மா செருப்பு டப்பாவை மூடி, ஒரு துண்டுத் துணியால் இறுக்கக் கட்டினார். "தம்பி, உன் போன்ல ரெக்கார்டரைப் போட்டு சட்டைப்பையில வச்சுக்கோ. ஸ்டேஷனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு. கார் வர்ற சத்தம் கேக்குது."

*

காண்ட்ராக்டர் கை கழுவிக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது மேசை நடுவில் டப்பா இருந்தது.

"என்ன மேடம், ஆள் கிடைச்சானா?"

"கிடைச்சாச்சு சார். பொம்மையும் கிடைச்சுது. நாலாவது."

"இன்னும் ஒண்ணா? இதுல எதை உடைச்சிருக்கான்?" கேலியாகத்தான் கேட்டார்.

"இதுல அடி வலது பக்கம்."

டப்பாவை நோக்கி நீண்ட அவர் கை பாதியில் நின்றது. முகத்திலிருந்த நிறம் கழுத்துக்கு இறங்கி, அங்கிருந்தும் காணாமல் போனது.

"யார்... யார் அவன்?"

"எல்லாத்தையும் பார்த்தவங்க."

"பொய்!" மேசையில் குத்தினார். "காளவாசல் ரோட்டுல அன்னிக்கு ஒரு ஈ காக்கா கிடையாது! யார் பார்த்திருக்க முடியும்?"

இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நான் எந்த ரோட்டையும் சொல்லலையே சார். எந்த நாளையும் சொல்லல."

காண்ட்ராக்டர் டப்பாவின் கட்டைப் பிய்த்தார். மூடி பறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

ரேடியோ சட்டைப்பையைத் தட்டினான். "நிகழ்ச்சி பதிவாகுதுங்க. அப்படியே தொடரலாம்."

"டேய்!" என்று எழுந்தவர், மாடிப்படியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர் மனைவி ஒரு தட்டோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். தட்டில் டீ இல்லை. சிலேட்டு நிறம் மட்டும் பூசிய ஒரு கார், பிரஷ், கறுப்பு மை, ஒரு சின்னக் குறடு, ரோஸ் நிறப் புழுதிப் பாட்டில். அவருக்கு எதிரே உட்கார்ந்து தட்டை மேசையில் வைத்தாள்.

"நீயா?" என்றார் காண்ட்ராக்டர். பெரிய சத்தமெல்லாம் வரவில்லை.

"நான்தான். சொல்லுங்க. ஹெட்லைட் முழுசா போச்சா, பாதியா?"

"இங்க பாரு. நீயாவது என்னை நம்பணும். தூறல். மூட்டம். எதிர்ல ஒண்ணுமே தெரியல. ஏதோ தட்டின மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். பட்டதும் போயிட்டான். அவனுக்கு வலியே தெரிஞ்சிருக்காது. அது நம்ம பையன்னு எனக்கு அப்பத் தெரியாது. சேதி வந்தப்புறம்தான்... உன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்?" அவர் கண் நிஜமாகவே கலங்கியது. இந்தக் கதை அவள் காதில் ஏறிவிட்டால் போதும், மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று அந்தக் கண் கணக்குப் போடுவதும் தெரிந்தது.

"நம்பறேன். முழுசா, பாதியா?"

"முழுசா."

அவள் குறடால் ஹெட்லைட்டைப் பிய்த்தாள். பிளாஸ்டிக் முறிகிற சின்னச் சத்தத்துக்குக் காண்ட்ராக்டரின் உடம்பு தூக்கிப் போட்டது.

"மட்கார்டு?"

"உள்ள வாங்கிடுச்சு. சக்கரத்தைத் தொடற அளவுக்கு."

குறடு மறுபடியும் முறித்தது. பிரஷ் நுனியால் உடைந்த விளிம்பில் கறுப்பு மை ஓடவிட்டாள். குத்திக் குத்திப் பூசினாள். கடைக்காரர் சொன்னது எவ்வளவு சரி என்று ரேடியோ நினைத்தான்.

"பானெட்?"

"அதுக்கு ஒண்ணும் ஆகல. சேறுதான். அதுல ஒரு கைத்தடம் இருந்துச்சு. கர்ச்சீப்பால துடைச்சேன்."

பிரஷ் நின்றது. அவள் தலை நிமிரவில்லை. கேள்வி முன்பு கேட்ட அதே குரலிலேயே வந்தது.

"தடம் எப்படி இருந்துச்சு? வழிச்சு இழுத்த மாதிரியா, இல்ல அஞ்சு விரலும் தனித்தனியாத் தெரிஞ்சுதா? அதுக்குத் தகுந்த மாதிரி பூசணும்."

"தனித்தனியாத்தான். அஞ்சு விரலும் தெளிவா..."

அவர் வாய் திறந்தபடியே நின்றது. என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு இன்னும் புரியவில்லை. எதிரே இருந்தவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் பிரஷ்ஷைத் தட்டில் படுக்க வைத்தாள்.

"ஓடற கார்ல பட்ட கை இழுத்துக்கிட்டுப் போகும். விரல் தெரியாது. நிக்கற கார்மேல ஊணின கைதான் அப்படிப் பதியும்."

குறடையும் எடுத்து பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கார் நின்னிருக்கு. என் தம்பி எழுந்திருச்சிருக்கான். பானெட்டைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருச்சிருக்கான். உள்ள யார்னு பார்த்திருக்கான்." அவள் இப்போதுதான் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். "என்ன சொன்னான்?"

"விடு..."

"என்ன சொன்னான்?"

"மாமான்னான்." காண்ட்ராக்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கிடையில் வார்த்தை கசிந்தது. "மாமா, தூக்குங்கன்னான். நான் குடிச்சிருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா எல்லாம் வெளியில வந்துடும், பேரு போயிடும்னு... ரிவர்ஸ் எடுத்தேன். பிடி விட்டுக் கீழ விழுந்துட்டான். அதுக்கப்புறம் நான் பார்க்கல. சத்தியமா நான் திரும்பிப் பார்க்கல."

ரேடியோ தன்னை அறியாமல் ஓரடி முன்னால் வைத்துவிட்டான். இன்ஸ்பெக்டரம்மாவின் கை அவன் முழங்கையைப் பிடித்தது. அந்தப் பிடியில் அவர் தன்னையும் சேர்த்துத்தான் அடக்கிக்கொண்டிருந்தார்.

"செத்த இடத்துல பொறுக்கின ஹெட்லைட் கண்ணாடித் துண்டெல்லாம் ஸ்டேஷன்ல இருக்கும் சார்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "பொருத்திப் பார்க்க வண்டிதான் இல்லாம இருந்துச்சு. ஒர்க்‌ஷாப் எதுன்னு வழியில போலீஸ்கிட்ட சொல்லிடுங்க."

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் பழக்கதோஷத்தில் இன்ஸ்பெக்டரம்மாவுக்குச் சல்யூட் அடித்துவிட்டு, காண்ட்ராக்டரின் தோளில் கை வைத்தார். காண்ட்ராக்டர் தள்ளாடி எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் இரண்டு தடவை தடுமாறினார். இத்தனை வருஷம் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தவள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

வாசற்படியில் நின்று அவர் திரும்பினார். குழந்தை மாதிரி குரல் உடைந்தது.

"நீ வரலையா? எனக்குன்னு ஒரு ஆளாவது..."

அவள் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"வருவேங்க. கண்டிப்பா வருவேன். கேஸ் நடக்கற ஒவ்வொரு நாளும் வந்து முன்வரிசையில உக்காருவேன். கூப்பிடற அன்னிக்குக் கூண்டுல ஏறி, அஞ்சு விரலும் எப்படிப் பதிஞ்சுதுன்னு சொல்லுவேன்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.